தோப்பி: சாடியில் விளைந்த வரலாறு

பொதியில் மலையும் மூங்கிற் குழாயும்

ஆனித் திங்களில் மேற்கு மலைத்தொடரின்மேல் மேகம் இறங்கும்போது, தென்காசித் தெருக்களிலேயே சாரலின் ஈரம் தெரியத் தொடங்கிவிடும். குற்றாலம் செல்லும் சாலையோரத்தில் பலாப்பழங்கள் குவிந்து கிடக்க, அவற்றின் மணம் காற்றில் முன்னே வரும். பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி, தேனருவி என மேலேறிச் செல்லச் செல்ல மலையின் பழமையும் கூடிக்கொண்டே போகும். இம்மலைத்தொடரின் தலைவனாகச் சங்கப் பாடல்கள் காட்டுபவன் ஆய் அண்டிரன். தென்காசியை அடுத்துள்ள ஆய்க்குடியை அவனோடு தொடர்புபடுத்திக் கூறும் மரபும் இப்பகுதியில் உண்டு.

ஆயைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், புறநானூற்றின் 129ஆம் பாடலில் அவன் மலையைச் சில அடிகளில் அறிமுகம் செய்கிறார். தாழ்ந்த கூரைக் குடிசைகளில் வாழும் குறவர்கள், வளைந்த மூங்கிலில் முதிர்ந்த தேறலை உண்டு மகிழ்ந்து, வேங்கை மரம் நிற்கும் முற்றத்தில் குரவை ஆடுகின்றனர். இனிய சுளைகளையுடைய பலா நிறைந்த மலை அது. பலாவும் வேங்கையும் இன்றும் உள்ளன. மூங்கிலும் உண்டு. மூங்கிலில் முதிர்ந்த அந்தத் தேறல் மட்டும் இல்லை. அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்று கேட்டால் விடை சொல்வாரும் அரியர்.

சங்க இலக்கியத்தைப் பாடமாகச் சொல்லும் வகுப்புகளில் இத்தகைய அடிகள் விரைந்து கடக்கப்படுவது வழக்கம். கள் என்றவுடன் ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. “அக்காலத்தார் கள்ளுண்டனர்” என்ற ஒற்றைத் தொடரில் செய்தி முடிந்துவிடும். ஆனால் அந்த ஒற்றைத் தொடருக்குள் ஒரு வேளாண்மை, ஒரு கைத்தொழில், ஒரு சொல்வளம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களின் உழைப்பு ஒன்று மறைந்துகிடக்கிறது. அதனை வெளிக்கொணர்வது குடியைப் போற்றுவதாகாது. வரலாற்றை உள்ளவாறு அறிவதே ஆகும்.

சொற்கள் சொல்லும் செய்தி

கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல், தோப்பி, மது எனப் பல சொற்கள் சங்க நூல்களில் வழங்குகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழி என்று ஒதுக்கிவிட இயலாது. ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலைச் சுட்டி நிற்கிறது. கையாற் பிழிந்து எடுத்தமையால் பிழி. அரித்து, அதாவது வடித்து எடுத்தமையால் அரியல். மண்டி கீழே தங்க மேலே தெளிந்து நின்றமையால் தேறல். மணத்தால் பெயர்பெற்றது நறவு. ஆக்குபவரின் கையசைவுகளே பெயர்களாகி நின்றிருக்கின்றன.

இவற்றுள் தனித்துக் கருதற்குரியது தோப்பி. நெல்லாற் செய்த கள் என்று நச்சினார்க்கினியர் இதற்குப் பொருள் உரைக்கிறார். பனையிலோ தென்னையிலோ இறக்கிய கள் அன்று. தானியத்திலிருந்து ஆக்கிய கள். இன்றைய வழக்கில் சொல்வதானால் பீர் எனப்படும் வகையைச் சேர்ந்தது.

இதற்கு அரண் செய்வது ‘அடுதல்’ என்னும் வினைச்சொல். அடுதல் என்றால் சமைத்தல். பாளையைச் சீவி இறக்கும் கள்ளுக்கு அடுப்பும் வேண்டா, பானையில் சமைத்தலும் வேண்டா. மரத்திலிருந்து இறங்கும்போதே அது புளிக்கத் தொடங்கிவிடும். அவ்வாறிருக்க, கள்ளை அட்டனர் என்று பாடல்கள் கூறுமிடங்களில் வேறொரு பொருள் பேசப்படுகிறது என்பது தெளிவு. திருக்குறளின் காமத்துப்பாலிலும் ‘அடுநறா’ என்ற சொல் இடம்பெற்றுள்ளது. தானியத்தை வேகவைத்துக் கள்ளாக்கும் தொழிலைத் தமிழ் நன்கறிந்திருந்தது என்பதற்கு இவ்வொரு வினைச்சொல்லே தக்க சான்றாகும்.

கடையும் இல்லமும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நுட்பமான ஒரு வேறுபாடு காணப்படுகிறது. பகைவர் நிலத்திற் புகுந்து ஆனிரை கவர்ந்து வரும் மறவர், அந்த ஆக்களை நறவுக்கு விலையாகக் கொடுத்துத் தீர்க்கின்றனர். அதற்கடுத்த அடியிலேயே தம் இல்லத்தில் ஆக்கிய தோப்பியைப் பருகுகின்றனர். நறவு விலைக்கு வாங்கியது. தோப்பி வீட்டில் விளைந்தது. இரண்டையும் புலவர் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறார்.

கடைகளைப் பற்றிய செய்திகளும் சங்க நூல்களில் உண்டு. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் நறவு விற்குமிடங்களில் கொடிகள் பறந்ததைப் பாடுகின்றன. யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்டுவதைப் புறநானூறு குறிப்பிடுகிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து மது வந்த கூர்ங்கழுத்துச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தமை அப்பாடலுக்கு மண்ணே எழுதிய உரையாக அமைந்தது. ஆயினும் யவனத் தேறல் அரசனுக்கு உரியது. கொடி பறந்த கடை நகரத்துக்கு உரியது. தோப்பியோ சிற்றூர்க் குடிலுக்கு உரியது. போரில் பட்ட வீரனின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிப் படைக்கப்பட்டதும் தோப்பிக் கள்ளே என்பதை அகநானூறு கூறும். நெல்லைச் சீமையில் சுடலைமாடன் கொடைகளில் மதுவைப் படையலாக வைக்கும் வழக்கம் அந்தப் பழைய மரபின் நீட்சி என்று கொள்ளத் தகும்.

ஆக்கிய முறை

தோப்பி போன்ற கள் எவ்வாறு ஆக்கப்பட்டது? வியப்புக்குரிய செய்தி யாதெனில், அதன் செய்முறையைப் பெரும்பாணாற்றுப்படையே முறைவழி தவறாமல் சொல்லிவிடுகிறது. வலைஞர் குடியிருப்பைப் பாடும் பகுதியில் அது வருகிறது.

முதலில், நன்கு தீட்டப்படாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அக்களியை வாய் அகன்ற தட்டுப் போன்ற கலத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். பின்னர் அதனோடு ‘நல்லடை’ என்பதைக் கலக்க வேண்டும். புற்றுக்குள் இருக்கும் குரும்பிபோன்ற தோற்றமுடையது அந்த அடை என்கிறார் புலவர். இதனை நெல்முளை என்று கொள்வது உரைமரபு. கலந்ததை உறுதியான வாயுடைய சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட வேண்டும். பச்சை வாடை நீங்கி விளைந்தபின், வெந்நீர் சேர்த்து விரலால் அலைத்துப் பிழிந்து வடித்தெடுக்க வேண்டும். சுட்ட மீனோடு அது விருந்தினர்க்கு வழங்கப்படும்.

இன்றைய அறிவியலைக் கொண்டு நோக்கினால் இம்முறையின் ஒவ்வொரு படியும் பொருளுடையது. அரிசியில் இருப்பது மாவுச்சத்து. மாவுச்சத்தை நொதிக்கும் நுண்ணுயிர் அப்படியே உண்ணாது. அதனைச் சர்க்கரையாக மாற்றித் தரவேண்டும். தானியம் முளைவிடும்போது, தன் குருத்துக்கு உணவூட்டுவதற்காக மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அவ்வாறு முளைத்ததை உலர்த்தி இடித்து, வெந்த மாவோடு சேர்த்தால் களி இளகும், இனிக்கும். பின்னர் நொதியுயிர் அந்த இனிப்பை உண்டு மதுவாக்கும். களியை ஆறவிடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கொதிக்கும் சூட்டில் முளையின் ஆற்றல் அழிந்துபோகும். அகன்ற கலத்தில் பரப்பியதும் அதனாலேயே.

முளைவிடச் செய்து உலர்த்திய தானியத்தையே ஆங்கிலேயர் மால்ட் என்பர். நச்சினார்க்கினியர் உரையில் நெல்முளை என்று வருவது அதுவே. மலைபடுகடாத்தில் உழவர் களந்தோறும் பெறும் தேறலையும் நெல்முளையால் சமைத்ததாகவே உரை விளக்குகிறது. ஆக மலைநாட்டிலும் வயல்நாட்டிலும் கடற்கரையிலும் இந்த அறிவு பரவியிருந்தது.

இன்று இவ்வறிவு முற்றும் அழிந்துவிட்டதா என்றால் இல்லை எனலாம். குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் தாய், கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டச் செய்து, உலர்த்தி வறுத்து அரைக்கிறாள். முளைகட்டாத மாவைவிட இம்மாவின் கூழ் இளக்கமாகவும் இனிப்பாகவும் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் சாடியில் நிகழ்ந்த மாற்றத்தின் முதற்பாதி இதுவே. மறுபாதியாகிய நொதித்தல், இட்லி மாவிலும் பழையசோற்று நீராகாரத்திலும் இரவுதோறும் நிகழ்கிறது. இரு பாதிகளும் ஒரே அடுக்களையில் தனித்தனியே வாழ்கின்றன; அவை சந்திப்பது மட்டும் நின்றுவிட்டது.

தேளும் பாம்பும்

மதுவின் வன்மையைச் சொல்லப் புலவர்கள் கையாண்ட உவமைகளும் ஈண்டு நினைக்கத்தக்கவை. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், நாட்பட வைத்த தேறலின் கடுமைக்குத் தேள் கொட்டிய கடுப்பை உவமை கூறுகிறார். சிறுபாணாற்றுப்படையோ வெகுண்ட பாம்பின் சீற்றத்தை உவமையாக்குகிறது. நாட்படுதலே வன்மைக்குக் காரணம் என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர். மூங்கிற் குழாயில் அடைத்தும், சாடியில் இட்டும் காத்திருந்து பெற்ற கடுமை அது.

இத்தகைய காத்திருப்பால் பெயர்பெற்ற மற்றொரு நாடு ஸ்காட்லாந்து. அந்நாட்டின் வலிய ஏல் என்னும் பீர் வகை, பார்லி முளையின் இனிப்பு மேலோங்கி நிற்பதற்குப் பெயர்போனது. முளைமாவில் வெந்நீரை ஊற்றி முதலில் வடியும் கெட்டியான சாற்றைத் தனியே எடுத்து அதனை ஆக்குவர். துருவிய தேங்காயிலிருந்து முதற்பாலும் இரண்டாம் பாலும் எடுப்பது போன்றதே இம்முறை. இரண்டாம் வடிப்பு மென்மையான பீருக்கு உரியது. முதற்சாற்றை நெடுநேரம் காய்ச்சும்போது அதன் சர்க்கரை கருகிச் சிவந்து, காய்ச்சிய பாகின் சுவையைப் பெறும். குளிர்ந்த தட்பவெப்பத்தில் நொதித்தல் மெல்ல நடக்கும். பல வாரங்கள், சிலபோது பல திங்கள் முதிரவிடுவர். மதுவின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 6.5 முதல் 10 வரை இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஒரு பீப்பாயின் விலை எத்தனை ஷில்லிங் என்பதே அதன் வன்மைக்குப் பெயராயிற்று.

வெப்ப நாட்டின் சாடியில் இரண்டே நாளில் முடிந்த வேலை, குளிர்நாட்டில் திங்கள் கணக்கில் நடந்தது. அங்கே பார்லி, இங்கே நெல். நிலமும் வானமும் வேறு. ஆனால் முளையின் இரகசியம் ஒன்றே. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் கூட்டத்தார் ஒரே அறிவைத் தனித்தனியே அடைந்துள்ளனர்.

சாடியின் அருகே நின்றவர்

இந்த அறிவு யாருடையது? பெரும்பாணாற்றுப்படை இதற்கும் விடை தருகிறது. பட்டினப் பகுதியைப் பாடும்போது, கள்ளை அடும் மகளிரை அது நேராகவே காட்டுகிறது. அவர்கள் வட்டில்களைக் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிக் குழம்ப, அதில் பன்றி தன் குட்டிகளோடு கிடக்கிறது. அரண்மனைச் சித்திரம் அன்று இது. வேலை முடிந்தபின் பாத்திரம் கழுவும் பெண்ணின் புழக்கடை. எந்தக் கவிஞரும் கண்ணால் காணாமல் எழுதியிருக்க முடியாத காட்சி.

மதுவோடு பெண்ணுக்கு இருந்த உறவு ஆக்குவதோடு நின்றுவிடவில்லை. அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில் முதல் நினைவாக எழுவதே கள்தான். சிறிதளவே கிடைத்தால் தனக்குத் தந்துவிடுவான். மிகுதியாகக் கிடைத்தால் தான் பாட அவனும் உண்டு மகிழ்வான் என்று அவர் அழுகிறார். ஒரு பெண் புலவர், தம்மை ஆதரித்த வேந்தனின் அன்பை அளந்து காட்டக் கள்ளைக் கருவியாக்கியதில் இழிவு எதனையும் அக்காலம் காணவில்லை.

ஸ்காட்லாந்திலும் இடைக்காலத்தில் ஏல் ஆக்குவது பெரும்பாலும் பெண்களின் தொழிலாகவே இருந்தது. அடுப்பு, பானை, தானியம் மூன்றும் இருக்குமிடத்தில் பெண்ணும் இருந்தாள். பின்னர் அது பெருந்தொழிலாக வளர்ந்து, முதலும் உரிமமும் வேண்டப்பட்டபோது ஆடவர் கைக்குச் சென்றது. பெண்ணின் பெயர் அத்தொழிலிலிருந்து மெல்ல மறைந்தது.

அறத்தின் குரல்

தமிழில் மதுவுக்கு எதிரான குரல் அயலிலிருந்து வந்தது அன்று. வெள்ளையர் காலத்தது அன்று. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென 93ஆம் அதிகாரத்தை வகுத்துள்ளது. மணிமேகலையில், நாகர் தலைவன் கள்ளும் ஊனும் நல்க முன்வரும்போது சாதுவன் மறுத்து அறம் உரைக்கிறான். சமணமும் பௌத்தமும் பரப்பிய கொல்லாமையும் கள்ளுண்ணாமையும் தமிழ் அறநூல்களின் முதுகெலும்பாயின.

எனினும் இலக்கியம் ஒரே குரலில் பேசியதில்லை. கள்ளுண்ணாமையைப் பாடிய திருவள்ளுவரே காமத்தின் களிப்பை விளக்க நறவை உவமையாக்கினார். கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் உண்டாட்டுப் படலம் என ஒரு படலமே உண்டு. அறமும் வாழ்வும் ஒன்றையொன்று கண்டித்தும் தழுவியும் சென்ற வழி தமிழ் இலக்கியத்தின் வழி. ஆனால் அறநூல் பேசிய பெண், சாடியின் அருகே நிற்பவள் அல்லள். கள்ளுண்டவன் தன்னைப் பெற்ற தாய் முன்னும் இழிந்து நிற்பான் என்னும் கருத்தைக் குறளில் காண்கிறோம். ஆக்குபவளாக இருந்தவள், பிறர் குடியால் வருந்துபவளாக இலக்கியத்தில் இடம் மாறுகிறாள்.

1886உம் 1889உம்

19ஆம் நூற்றாண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் மூன்றாண்டு இடைவெளியில் நடந்தன. 1886இல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. உரிமம் பெறாமல் எவ்வகை மதுவையும் ஆக்குவது குற்றமாயிற்று. மரத்திற்கு வரி, கடைக்கு ஏலம், அரசுக்கு வருவாய் என முறை அமைந்தது. ஆறாண்டுகளுக்கு முன்னர், 1880இல், பிரிட்டனிலும் வீட்டில் பீர் ஆக்குவதற்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் வந்திருந்தது. இரு நாடுகளின் வீட்டுச் சாடிகளையும் ஒரே பேரரசின் வருவாய்த்துறை எட்டிப் பார்த்தது.

1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். ஏடுகளில் செல்லரித்துக் கிடந்த தோப்பியின் செய்முறை அச்சேறியது. இல்லத்தில் கள் ஆக்குவது குற்றமாகி மூன்றாண்டு கழிந்தபின், இல்லத்தில் கள் ஆக்கும் முறையைக் கூறும் பழம்பாட்டு வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கம் ஒழியும் நேரத்தில் சொல் திரும்பி வந்தது என்று கூறலாம்.

அக்காலத்தில் நெல்லைச் சீமைக்கு ஸ்காட்லாந்துத் தொடர்புடையோர் பலர் வந்து சென்றனர். பாளையங்கோட்டையில் படை மருத்துவராக இருந்த இராபர்ட் வைட், 1830களில் குற்றால மலையில் செடிகொடிகளைத் தேடித் திரட்டினார். கிளாஸ்கோவில் கற்ற கால்டுவெல், இடையன்குடியில் வாழ்ந்து 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பனையேறும் மக்களின் வாழ்வையும் எழுதினார். பின்னர் 1915இல், ஸ்காட்லாந்தியரான தாமஸ் லீஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒன்றிணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை உருவாக்கினார். பார்லி முளையின் பீர் இவ்வாறு ஆலைப்பொருளாக இம்மண்ணில் வேரூன்றியது. நெல்முளையின் பீரோ இம்மண்ணிலேயே பிறந்து, பெயரும் மறக்கப்பட்டு நின்றது.

கடை வாசலில் நின்ற பெண்

1921இல் கள்ளுக்கடை மறியல் தமிழகத்தில் எழுச்சி பெற்றது. பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை ஏற்றனர். ஈராயிரம் ஆண்டுகளில் பெண் சாடியின் பக்கத்திலிருந்து கடையின் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தாள். இடைப்பட்ட காலத்தில் மாறியது பெண் அன்று, கள்ளே மாறியிருந்தது. அவள் கைப்பக்குவத்தில் இருந்தபோது அளவும் அவள் கையிலேயே இருந்தது. கடைக்கும் ஏலத்துக்கும் சென்றபின், வீட்டுக்கு வந்து சேர்ந்தது அதன் விளைவு மட்டுமே. கூலி கடையிலேயே தீர்ந்த குடும்பத்தின் பெண், மறியலில் நின்றதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இலக்கியமும் இதில் பங்குகொண்டது. 1929இல் இராஜாஜி மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். அதில் துணைநின்றவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கல்கி. இராஜாஜி, கல்கி இருவருக்கும் உற்ற நண்பரான ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்து, கம்பன் கவியையும் அருவிச் சாரலையும் ஒருங்கே விருந்தாகத் தந்தார். பொதியில் மலையின் குறவர் தேறல் பருகிக் குரவை ஆடிய அதே மலையடிவாரத்தில், கவிதையே தேறலாகப் பருகப்பட்டது. இலக்கிய வட்டங்களுக்கு முன்னோடியாக விளங்கிய அந்த அவை, மதுவின்றியும் களிப்பு உண்டு என்பதைக் காட்டியது.

1937 அக்டோபர் 1ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2ஆம் நாள் அது சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டும் இறுகி, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றியது. 1987 முதல் கள் இறக்குவது தடுக்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே ஏற்றது. ஆலையில் வடித்த மது அரசுக் கடையில் கிடைக்க, மரத்தில் இறங்கும் கள்ளும் சாடியில் விளையும் கள்ளும் குற்றமாக நிற்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இம்முரண்பாட்டைத் தென்காசி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாயிருந்த செங்கோட்டையைக் கடந்து, கணவாய் ஏறி ஆரியங்காவு சென்றால், அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே இனத்துத் தென்னை. எல்லைக் கல்லின் இப்புறம் குற்றமாவது அப்புறம் தொழிலாகிறது.

பாட்டில் நின்ற பக்குவம்

ஸ்காட்லாந்தின் மாகவிஞர் இராபர்ட் பர்ன்ஸ், 1789இல், பள்ளி ஆசிரியரான நண்பர் வில்லியம் நிக்கலோடு கூடிக் குடித்த ஓர் இரவைப் பாட்டாக்கினார். முளைத்த பார்லியை நண்பரே வடித்ததாகப் பாட்டுத் தொடங்கும். அதே ஆண்டில்தான் பர்ன்ஸ் மதுவரித் துறையில் அலுவலராகச் சேர்ந்தார் என்பது வரலாற்றின் குறும்பு. அந்நாட்டில் டிரக்குவேர் மாளிகையின் உரிமையாளர், பழைய கட்டிடத்தில் மறந்து கிடந்த 18ஆம் நூற்றாண்டு ஏல் கூடத்தைக் கண்டெடுத்து 1965இல் மீண்டும் இயக்கத் தொடங்கினார். அதற்கு இரண்டாண்டு முன், 1963இல், வீட்டில் பீர் ஆக்குவதற்கான உரிமக் கட்டுப்பாட்டைப் பிரிட்டன் நீக்கியிருந்தது. அந்நாட்டில் வழக்கம் மீண்டது.

ஆனால் மீளாததும் ஒன்று அங்கு உண்டு. ஹெதர் என்னும் புதர்ப்பூவால் பழங்குடியினரான பிக்டுகள் ஆக்கிய ஏல் பற்றிய கதை அது. வென்ற அரசன் செய்முறையைக் கேட்க, கடைசியாக எஞ்சிய முதியவன், மகன் அஞ்சிச் சொல்லிவிடக்கூடும் என்று அவனை முதலில் சாகவிட்டு, தானும் இரகசியத்தோடு மடிகிறான். இக்கதையை இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890இல் பாட்டாக்கினார். அங்கே செய்முறை அழிந்தது. அழிந்த கதை பாட்டில் நின்றது.

தமிழில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. இங்கே வழக்கம் அழிந்தது. செய்முறை பாட்டில் நின்றது. களியைத் துழாவியது, ஆறவிட்டது, முளையைக் கலந்தது, இரு பகலும் இரு இரவும் காத்திருந்தது, விரலால் பிழிந்தது என ஒன்றும் விடாமல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காத்து வைத்திருக்கிறார். வட்டில் கழுவிய நீரில் பன்றி கிடந்ததையும் விடவில்லை. வரலாறு எழுதுவோர் எவரும் எழுதாத ஒரு பெண்ணின் நாள்வேலை, பரிசில் நாடிப் பாடிய ஒரு புலவனால் வாழ்கிறது.

கவிஞர்க்கு இதில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தோப்பி, அரியல், பிழி, தேறல் என்று கைவினையின் ஒவ்வொரு படிக்கும் பெயர் வைத்திருந்த மொழி, இன்று ‘சரக்கு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. எந்தப் பொருளானாலும், ஆக்குபவர் ஒருவராகவும் விற்பவர் வேறொருவராகவும் ஆகும்போது முதலில் மறைபவை ஆக்குபவரின் சொற்களே. நெய்தலிலும் உழவிலும் வனைதலிலும் இன்று அதுவே நிகழ்ந்துவருகிறது. சாடி மீள வேண்டும் என்பது எவர் வேண்டுதலும் அன்று. மறியலில் நின்ற பெண்ணின் கண்ணீருக்கு மதிப்பளிக்கும் எவரும் அதனை வேண்டார். ஆனால் சாடியின் அருகே நின்றவளின் சொற்கள் மீள வேண்டும். அச்சொற்களைக் காத்தவை பாட்டுகள். இன்று அடுக்களையிலும் பட்டறையிலும் களத்திலும் வழங்கும் சொற்களை நாளைக்குக் காத்துத் தரவேண்டியவையும் பாட்டுகளே.